பறையும் மறுப்பும்

மார்கழி வந்தால் சென்னையில் இசை விழா. தை வந்தால் அரசாங்கத்தின் கலைத் திருவிழா. இதற்கிடையில் நம் தோழர்கள் நடத்தும் மக்களிசை விழா. எல்லா இடத்திலும் இன்று பறை இருக்கிறது. முப்பது வருசத்துக்கு முன்னால் பறையை மேடையில் ஏற்றுவதே ஒரு கலகமாக இருந்தது. இப்போது கல்லூரி விழா, கட்சி மாநாடு, கம்பெனி பூஜை, கல்யாண மண்டபம் என்று பறை போகாத இடமில்லை. சந்தோஷப்பட வேண்டிய விசயம்தான். ஆனாலும் ஒரு கேள்வி தொண்டையில் முள்ளாக நிற்கிறது. விழாவில் பறைக்குக் கொடுக்கும் மரியாதை யாருக்குப் போய்ச் சேருகிறது? தோலுக்கா, குச்சிக்கா, அடிக்கிற கைக்கா? விழா முடிந்து அந்தக் கை ஊருக்குத் திரும்பும்போது மரியாதையும் கூடவே பஸ் ஏறி வருகிறதா?

இதைக் கலை பற்றிய கேள்வியாக நான் கேட்கவில்லை. அறம் பற்றிய கேள்வியாகக் கேட்கிறேன்.

நான் இப்போது இருப்பது வல்லம் வடகால் பக்கம். ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையில், வயலும் ஏரியுமாக இருந்து சிப்காட் ஆன பூமி. ஸ்ரீபெரும்புதூர் ராமானுஜர் பிறந்த ஊர். அவருக்குத் திருப்பாவை ஜீயர் என்றே ஒரு பேர் உண்டு. மார்கழி முப்பது நாளும் விடியக்காலையில் இந்தப் பக்கத்துப் பெருமாள் கோயில்களின் ஒலிபெருக்கியில் திருப்பாவை கேட்கும். அதில் ஆயர் பெண்கள் கண்ணனிடம் திரும்பத் திரும்பக் கேட்பது என்ன? பறை. எங்கள் காலனி வரைக்கும் அந்தச் சொல் காற்றில் வரும். உரைகாரர்கள் அதற்குப் பொருள் சொல்லும்போது, பறை என்பது மேலோட்டத்துக்கு நோன்பு வாத்தியம், உண்மையில் அது பகவானுக்குச் செய்யும் கைங்கரியம் என்றார்கள். சொல் கருவறை வரைக்கும் போனது. கருவியும் அதைச் செய்தவனும் அடித்தவனும் ஊருக்கு வெளியே நின்றார்கள்.

பறை என்றால் வாத்தியம். பறைதல் என்றால் சொல்லுதல். மலையாளத்தில் இன்றைக்கும் பறயுக என்றால் சொல்லுவதுதான். சொல்லையும் இசையையும் ஒரே பேரில் வைத்திருந்த மொழி இது. தொல்காப்பியம் திணைக்கு ஒரு பறை என்று கருப்பொருளில் சேர்க்கிறது. புறநானூற்றின் 335ஆம் பாட்டு துடியன், பாணன், பறையன், கடம்பன் இந்த நால்வரைத் தவிர வேறு குடியில்லை என்கிறது. விழா மேடைகளில் இந்தப் பழம்பெருமையை நாம் நிறையவே பேசிவிட்டோம். பேசியது தப்பில்லை. இழிவு என்று திணிக்கப்பட்டதைத் திருப்பி அடிக்க அது உதவியது. ஆனால் அது எவ்வளவு தூரம் போகும்? மரியாதை வாங்க ரெண்டாயிரம் வருசத்துச் சான்றிதழ் காட்ட வேண்டுமென்றால், சான்றிதழ் இல்லாதவன் என்ன செய்வான்? சாக்கடைக்குள் இறங்குகிறவனுக்கு எந்தச் சங்கப் பாட்டில் ஆதாரம் தேடுவது? மனுசனாகப் பிறந்தது போதாதா?

ஆதிக்கச் சமூகம் நம்மைக் கொண்டாடிய விதத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். அவர்கள் கொண்டாடவே இல்லை என்று சொல்ல முடியாது. பெரியபுராணத்து நந்தனார், கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் கொடுத்தவர். தோல் உள்ளே போனது, கொடுத்தவர் வெளியே நின்றார். கடைசியில் தில்லையில் தீக்குள் இறங்கிய பிறகுதான் உள்ளே போனார். திருப்பாணாழ்வாரைத் தோளில் சுமந்து அரங்கத்துக்குள் கொண்டுபோனார்கள் என்பது கதை. அவரும் கருவறையில் கலந்து மறைந்துவிட்டார். ரெண்டு பேரும் வீடு திரும்பவில்லை, கவனியுங்கள். மேல்கோட்டையில் ராமானுஜர் நம் ஜனங்களுக்குத் திருக்குலத்தார் என்று பேர் வைத்து, வருசத்தில் மூன்று நாள் கோயிலுக்குள் விட்டார் என்று வைணவ மரபு பெருமையாகச் சொல்கிறது. மூன்று நாள். மீதி நாளெல்லாம்?

ஆக, விழாவுக்கு ஒரு குணம் இருக்கிறது. அதற்கு மறைந்துபோகிற தலித் வேண்டும், அல்லது மூன்று நாளில் திரும்பிப் போய்விடுகிற தலித் வேண்டும். வீட்டுக்குத் திரும்பி வந்து, நாலாம் நாள் காலையில் டீக்கடை பெஞ்சில் உட்காருகிறவன்தான் பிரச்சினை.

சபா உலகத்திலும் இதே கதைதான். கோபாலகிருஷ்ண பாரதி 19ஆம் நூற்றாண்டில் எழுதிய நந்தனார் கீர்த்தனைகளைக் கண்ணீர் வரப் பாடுகிறார்கள். மியூசிக் அகாடமி 1928இல் வந்தது. தெலுங்கும் சமஸ்கிருதமுமே பாடுகிறீர்களே, தமிழில் பாடுங்கள் என்று சண்டை போட்டு 1943இல் தமிழிசைச் சங்கம் வந்தது. நியாயமான சண்டை. ஆனால் எந்த மொழியில் பாடுவது என்று கேட்டவர்கள், எந்தத் தெருவிலிருந்து வந்து பாடுவது என்று கேட்கவில்லை. மிருதங்கத்துக்கு மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும் எருமைத்தோல் வாரும் வேண்டும். அதைச் செய்கிறவர்களில் பெரும்பாலோர் தலித் கிறிஸ்தவர்கள். அவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' புத்தகத்தை 2020இல் வெளியிடக் கலாக்ஷேத்ரா முதலில் அரங்கு கொடுத்தது, பிறகு அனுமதியை ரத்து செய்தது. விழா ஆசிய இதழியல் கல்லூரிக்கு மாறியது. தோலின் நாதம் கேட்கலாம், தோலின் வரலாறு கேட்கக் கூடாது.

இதற்கெல்லாம் எதிராகத்தான் நம் ஆட்கள் தனியாக விழா எடுத்தார்கள். 1990களில் மதுரையில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியின் தலித் ஆதார மையம் தலித் கலை விழாக்களை நடத்தியது. இன்குலாப் எழுதிய பாட்டைக் கே.ஏ. குணசேகரன் தொண்டை கிழியப் பாடியபோது பல்கலைக்கழக மாணவனும் விவசாயக் கூலியும் ஒரே தரையில் உட்கார்ந்து கேட்டார்கள். 2015இல் சென்னை ஊரூர் ஆல்காட் மீனவக் குப்பத்தில் விழா நடந்தது. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடை ஏறியது. அதே வருசம் டிசம்பர் கடைசியில் நீலம் பண்பாட்டு மையத்தின் வானம் கலைத் திருவிழா மயிலாப்பூரில் நடந்தது. 2020 டிசம்பரில் 'மார்கழியில் மக்களிசை' தொடங்கியது. மார்கழி யாருடைய மாசம் என்று அந்தப் பேரே கேட்டது. சாவு மேளம், கானா, ஒப்பாரி எல்லாம் நாற்காலி போட்ட அரங்கத்துக்குள் நிமிர்ந்து நுழைந்தன. 2025இல் மதுரையைச் சேர்ந்த பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. இதெல்லாம் சாதாரணம் இல்லை. இதைக் கொச்சைப்படுத்துகிறவனோடு எனக்குப் பேச்சில்லை.

ஆனால் என் வீட்டுக்குள்ளேயே இந்தச் சந்தோஷத்துக்கு ஒரு எதிர்ப்பு இருந்தது. எங்க நைனா.

எங்க சொந்த ஊர் இங்கிருந்து கொஞ்சம் தள்ளி. பேர் வேண்டாம். எந்த ஊர்ப் பேரைப் போட்டாலும் கதை ஒன்றுதான். நைனா மேளக்காரர். ஊரில் சாவு விழுந்தால் மேளம், மாரியம்மனுக்குக் கூழ் வார்த்தால் மேளம், ஏரி ஏலம் விட்டால் தண்டோரா. ஊரிலிருந்து ஆள் வந்து சேரி முனையில் நின்று கூப்பிட்டால் போக வேண்டும். காய்ச்சலா இருந்தாலும் போகணும், சொந்தப் பிள்ளைக்குச் சீக்கா இருந்தாலும் போகணும். கூலி, அறுப்பு முடிஞ்சு களத்துல போடற நெல்லு. எவ்வளவு போடறதுன்னு அவங்கதான் முடிவு பண்ணுவாங்க. எங்க ஆயா முறத்தோட களத்து ஓரம் நின்னதை நான் பார்த்திருக்கிறேன்.

அம்பேத்கர் நூற்றாண்டு நடந்த சமயம். இளைஞர்கள் காலனியில் மன்றம் வைத்தார்கள். 1927இல் மகாடில் பாபாசாகேப், செத்த மாட்டைத் தின்பதை விடுங்கள், இழிவு வேலைகளை விடுங்கள் என்று பேசியதை ஒருத்தர் படித்துக் காட்டினார். கூட்டம் போட்டு, இனிமேல் ஊருக்கு மேளம் அடிப்பதில்லை என்று முடிவு செய்தார்கள். நைனா மேளத்தைப் பரண்மேல் போட்டார். அடுத்த வாரத்திலிருந்து வயலில் வேலை இல்லை. மளிகைக் கடையில் கடன் இல்லை. மாடு ஓட்டிப்போன வழியில் முள் வெட்டிப் போட்டார்கள். நைனா மெட்ராஸுக்கு மூட்டை தூக்கப் போனார். பரணில் கிடந்த தோலை எலி கடித்துப் போட்டது. அவர் இறக்கிப் பார்க்கவே இல்லை.

முப்பது வருசம் கழித்து அக்கா பையன் கல்லூரியில் சேர்ந்து பறை கற்றுக்கொண்டு வந்தான். புதுப் பறை, நீலத் துண்டு, காலில் சலங்கை. வாசலில் வைத்து அடிச்சுக் காட்டினான். நைனா திண்ணையை விட்டு எழுந்திருக்கவில்லை.

"இதுக்காடா உன்னைப் படிக்க வச்சோம்?"

"தாத்தா, இது இழிவு இல்ல. இது கலை."

"கலைன்னு நீ சொல்ற. செத்த வூட்ல குடிச்சிட்டு வந்து, சத்தமா அடிடான்னு எட்டி ஒதச்சவன் அப்பிடிச் சொல்லலியே."

"இப்ப எவனும் என்னை அடிடான்னு சொல்ல முடியாது தாத்தா."

நைனா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "எதனால சொல்ல முடியாது? அதைச் சொல்லு பாக்கலாம்."

பையன் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்குத்தான் நான் இங்கே பதில் தேடுகிறேன். ரெண்டு பேரில் யார் சரி என்று கேட்டால், ரெண்டு பேரும் ஒரே காரியத்தைத்தான் செய்திருக்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது. தாத்தா அடிக்க மாட்டேன் என்றார். பேரன் தன் இஷ்டத்துக்கு அடிக்கிறான். தாத்தா மறுக்காமல் இருந்திருந்தால் பேரன் கையில் இருப்பது கலையாக இருக்காது, பரம்பரைக் கடமையாகவே இருக்கும். வைத்தவர் கீழே வைத்ததால்தான் எடுத்தவன் கையில் எடுக்க முடிந்தது. ஒரே தோல், ஒரே குச்சி, ஒரே அடி. அதை அடிமைத்தனம் ஆக்குவதும் கலை ஆக்குவதும் ஒன்றே ஒன்றுதான்: மாட்டேன் என்று சொல்ல முடியுமா, முடியாதா?

மரியாதை என்பதற்கு நான் கொடுக்கிற அர்த்தம் இதுதான். மாலை போடுவது, பொன்னாடை போர்த்துவது, கை தட்டுவது எல்லாம் அதற்கு அப்புறம். வர மாட்டேன் என்று ஒருத்தன் சொன்னால் அவன் குடும்பத்துக்கு ஒரு கெடுதலும் நேராது என்கிற நிலை இருக்கிறதா? இருந்தால், அவன் வந்து அடிப்பது நமக்குக் கொடுக்கும் கொடை. இல்லாவிட்டால், மேடை எவ்வளவு உயரமாக இருந்தாலும் அது அதே சேரி முனைதான்.

கறுப்பின மக்களின் அனுபவமும் இதைத்தான் சொல்கிறது. 1920களில் நியூயார்க் ஹார்லெமில் காட்டன் கிளப் என்ற இடத்தில் கறுப்பர்கள் வாசித்தார்கள், ஆடினார்கள். உட்கார்ந்து பார்க்க வெள்ளையர்களுக்கு மட்டுமே இடம். அவர்களுடைய இசை அங்கே கொண்டாடப்பட்டது என்பதில் சந்தேகமில்லை. 1957இல் லிட்டில் ராக் பள்ளியில் கறுப்புப் பிள்ளைகளை உள்ளே விடாமல் தடுத்தபோது, லூயி ஆம்ஸ்ட்ராங் அமெரிக்க அரசாங்கத்துக்காகச் சோவியத் நாட்டுக்குப் போய் வாசிக்க மறுத்தார். எப்போதும் சிரித்தபடி வாசிக்கிறவர் என்று பேர் வாங்கிய மனுசர் அவர். அவர் வாசிக்காத அந்தப் பயணத்தையும் அவருடைய இசையின் பகுதியாகவே நான் எடுத்துக்கொள்கிறேன்.

மறுக்க வாய் மட்டும் போதாது. காலுக்குக் கீழே நிலம் வேண்டும். நம் ஜனங்கள் மறுக்க முடியாமல் இருந்ததற்குக் காரணம் நிலமில்லாததுதான் என்று இதே செங்கல்பட்டு ஜில்லா கலெக்டர் ட்ரெமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையைப் படித்தால் புரியும். அதற்கப்புறம்தான் 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. அந்த நிலம் கைமாறிப் போனதைத் திருப்பிக் கேட்டுத்தான் காரணையில் போராடினார்கள். 1994 அக்டோபர் 10ஆம் தேதி போலீஸ் சுட்டது. ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள். பறை பற்றிப் பேசும்போது காரணையை ஏன் இழுக்கிறாய் என்று கேட்கலாம். நிலத்தை விட்டுவிட்டுப் பறையை மட்டும் பேசுவது தோலை எடுத்துக்கொண்டு ஆளை வெளியே நிறுத்துகிற அதே வேலை.

இந்தப் பக்கம் இப்போது வயலே இல்லை. களத்து நெல் இல்லை, மானியம் இல்லை. மேளம் அடிக்கச் சொல்லும் பழக்கம் மட்டும் எப்படியோ பிழைத்திருக்கிறது. நான் காண்ட்ராக்டில் வேலை பார்த்த ஒரு கம்பெனியில் ஆயுத பூஜை. நாதஸ்வர செட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று, நோட்டீசில் வித்வான் பேர் போட்டாயிற்று. சூப்பர்வைசர் என்னிடம் வந்து, "கேட்ல பறை இருந்தா நல்லா இருக்கும்ப்பா. உங்க காலனி ஆளுங்களைக் கூட்டிட்டு வந்துடு" என்றார். கெட்ட மனுசர் இல்லை. அவருக்கு அதில் எதுவும் தப்பாகப் படவில்லை. "எங்க காலனியில யாரும் அடிக்கறதில்ல சார். குழு இருக்கு, நம்பர் தர்றேன். பேசி ரேட் முடிச்சுக்கங்க, நோட்டீஸ்ல பேர் போடுங்க" என்றேன். முகம் மாறிவிட்டது. "என்னப்பா, உங்களுக்கெல்லாம் தெரியாததா?" என்றார். நாதஸ்வரம் வித்வானுக்குத் தெரியும், பறை ஜாதிக்குத் தெரியும் என்பது அவர் நினைப்பு. இந்த நினைப்புதான் இன்னும் சாகவில்லை.

நமக்குள்ளேயும் சில விசயங்களை ஒளிவு மறைவில்லாமல் பேச வேண்டும். எங்கள் காலனி மேளத்தை நிறுத்தியதும் ஊர் மேளமில்லாமல் பிணம் எடுத்ததா? இல்லை. வேறு ஊரிலிருந்து, எங்களைவிட இல்லாதப்பட்ட ரெண்டு குடும்பத்தைக் கூட்டிவந்தார்கள். அவர்களும் நம் ஜனங்கள்தான். பல இடங்களில் நாம் இறக்கி வைத்த பாரம் அருந்ததியர் தலையில் ஏறியிருக்கிறது. ஒருத்தன் மறுப்பது இன்னொருத்தன் கழுத்தில் கயிறாக விழுமென்றால் அந்த மறுப்பு பாதிதான். எல்லோரும் மறுக்க முடிகிற நிலைக்குப் போராடுவதுதான் மீதிப் பாதி. செத்த மாட்டைத் தூக்க வைப்பதும் பிணம் சுமக்க வைப்பதும் குழி வெட்ட வைப்பதும் குற்றம் என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. எல்லா உட்சாதித் தெருவுக்கும் அந்தச் சட்டத்தை எடுத்துப் போக வேண்டியது நம் வேலை.

இன்னொன்று. மேடையில் பறை அடிக்கிறவர்களிடம், சாவுக்கு அடிக்கிறவர்களைக் கொஞ்சம் தாழ்வாகப் பார்க்கும் பார்வை வளர்கிறது. 'நாங்க அந்த மேளம் இல்லீங்க, நாங்க கலைக்குழு.' இப்படிப் பேசுவதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன். சாவு வீட்டில் அடிக்கிறவருக்கு அதுதான் சோறு. அவர் கையிலிருந்துதான் அந்த அடவெல்லாம் மேடைக்கு வந்தது. அவரைச் சுற்றியிருக்கும் கட்டாயத்தைத்தான் பழிக்க வேண்டும், அவரை அல்ல.

எல்லோரும் மறுத்தால் கலை அழிந்துவிடாதா என்று சில நண்பர்கள் கவலைப்படுகிறார்கள். கட்டாயத்தில் மட்டுமே மூச்சு விடுகிற கலை அழிந்தால் அழியட்டும். ஆனால் அழியவில்லையே! மறுத்த தலைமுறைக்கு அடுத்த தலைமுறைதான் விரும்பி எடுத்திருக்கிறது. பெண்கள் தொடக் கூடாது என்று நாமே வைத்திருந்த கருவியைத் திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள் எடுத்து அடிக்கிறார்கள். கட்டாயம் விட்ட இடத்தில்தான் கலை முளைத்திருக்கிறது.

விழா எடுக்கும் தோழர்களிடம் சில கேட்கிறேன். நோட்டீசில் 'குழுவினர்' என்று போடாமல் அடிக்கிறவர் ஒவ்வொருவர் பேரையும் போடுங்கள். பாடகருக்கு முன்பணம் என்றால் பறைக்கும் முன்பணம். விருந்தாளியை வாசலில் வரவேற்க மட்டும் பறையைக் கூப்பிடாதீர்கள், மேடைக்குக் கூப்பிடுங்கள். தோல் பதமாக்கியவரையும் அழையுங்கள். அடித்து முடித்தவரிடம் மைக் கொடுங்கள். அவரைப் பற்றி வேறொருத்தர் பேசுவதை நிறுத்திக்கொண்டு அவர் பேசுவதைக் கேளுங்கள்.

வல்லம் வடகால் சிப்காட்டில் 18,720 பேர் தங்குவதற்கு 706 கோடியே 50 லட்சம் ரூபாயில் அரசாங்கம் கட்டிய பெண் தொழிலாளர் குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஒரு ஊரைவிடப் பெரிய ஊர் அது. அங்கே வந்து தங்கும் பிள்ளைகள் எத்தனையோ ஊர்ச் சேரிகளிலிருந்தும் தெருக்களிலிருந்தும் வருகிறார்கள். அவர்களில் எத்தனை பேரின் தாத்தா மேளத்தைக் கீழே வைத்தவரோ! பாட்டும் பேச்சுமாக இந்தப் பக்கம் ஒரு விழா நடந்தால், அந்தப் பிள்ளைகள் கை தட்ட மட்டும் வரக் கூடாது. அடிக்கவும் வேண்டும், பேசவும் வேண்டும், வேண்டாமென்றால் ரூமில் படுத்துத் தூங்கவும் வேண்டும்.

அந்த விழாவில் மேளத்தைக் கீழே வைத்த கிழவர்களுக்கு முதல் வரிசையில் நாற்காலி போட வேண்டும். அவர்களை அடிக்கச் சொல்ல வேண்டாம். ஏன் நிறுத்தினீர்கள், நிறுத்திய பிறகு என்ன தின்றீர்கள் என்று கேட்டால் போதும். பறை என்றால் சொல்லுதல் என்றுதானே இத்தனை நாளாய் மேடையில் பேசுகிறோம். சொல்ல வேண்டியவர்கள் இன்னும் சொல்லவில்லை.